எதிராளி எதைப் பார்த்துப் பயப்படுகிறான்? புரொஃபஷனலுக்குப் போக நினைக்கும் ஒரு பாக்ஸருக்குப் பதில்

கேள்வி: எனக்கு 21 வயது. சின்ன வயதிலிருந்தே பாக்ஸிங் கற்றுக்கொள்கிறேன். எடை 63 கிலோ. மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கியிருக்கிறேன். அடுத்த வருடம் புரொஃபஷனலுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ஜிம்மில் சீனியர் அண்ணன்கள், "உன் மூஞ்சியப் பாத்தா எவனுக்கும் பயம் வராதுடா, புரொஃபஷனல்ல அதுதான் பாதி ஜெயிப்பு" என்கிறார்கள். எடை பார்க்கும் நாளில் எதிரே நின்று முறைப்பது, மைக்கில் மிரட்டிப் பேசுவது எல்லாம் எனக்கு வரவே இல்லை. டைசனைப் பார்த்து எல்லோரும் நடுங்கினார்களே, அது எப்படி வந்தது? பழகினால் எனக்கும் வருமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சென்னை

குத்துச்சண்டைப் பயிற்சியாளரின் பதில்:

தம்பி, முதலில் உங்கள் முகத்தைப் பற்றிய கவலையை விடுங்கள். ஜப்பானின் நவோயா இனோயேவை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கல்லூரிக்குக் கிளம்பிய பையன் மாதிரி இருப்பார். அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மான்ஸ்டர்'. பேண்டம் எடையில் 2022-லும் சூப்பர் பேண்டம் எடையில் 2023-லும் உலகப் பட்டம் கொடுக்கும் நான்கு அமைப்புகளின் பட்டங்களையும் ஒரே ஆளாகச் சேர்த்துக் கையில் வைத்திருந்தவர். கஜகஸ்தானின் கெனாடி கோலோவ்கின் சிரித்த முகத்தோடுதான் ரிங்குக்கு வருவார். 2008-லிருந்து 2016 வரை தொடர்ந்து 23 பேரை முழு ரவுண்டு தாக்குப்பிடிக்க விடாமல் முடித்தார். இந்த இரண்டு பேரும் யாரையும் முறைத்து ஜெயித்தவர்கள் இல்லை.

முறைப்புக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அது எதுவரை செல்லும் என்பதற்கு சன்னி லிஸ்டனைப் பாருங்கள். 1962 செப்டம்பரில் சிகாகோவில் ஹெவிவெயிட் சாம்பியன் ஃபிளாய்ட் பேட்டர்சனை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தினார். அடுத்த ஆண்டு லாஸ் வேகஸில் மறுபடி மோதியபோதும் முதல் ரவுண்டிலேயே முடிந்தது. லிஸ்டன் அங்கிக்குள் துண்டுகளைத் திணித்துக்கொண்டு வருவார், தோள் இன்னும் பெரிதாகத் தெரியட்டும் என்று. ரெஃப்ரி விதிகளைச் சொல்லும் நேரம் முழுக்கக் கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பார். சிகாகோவில் தோற்ற இரவு பேட்டர்சன் ஒட்டுத்தாடியும் மீசையும் வைத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார். அந்த ஒட்டுத்தாடி சண்டைக்கு முன்பே தயாராக இருந்தது. ஒரு உலக சாம்பியன், தோற்றால் முகத்தை மறைக்க வேண்டியதைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்றால் பயம் எவ்வளவு தூரம் உள்ளே இறங்கியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அதே லிஸ்டன் 1964 பிப்ரவரியில் மயாமி பீச்சில் 22 வயது கேசியஸ் கிளேவைச் சந்தித்தார், பின்னாளில் முகமது அலி ஆனவர். பந்தயக்காரர்கள் 7-க்கு 1 என்று லிஸ்டன் பக்கம் நின்றார்கள். எடை பார்க்கும் இடத்தில் கிளே போட்ட கூச்சலில் அவருடைய நாடித் துடிப்பு ஏறிப்போய், பையன் பயத்தில் இருக்கிறான் என்றே பலர் முடிவு கட்டினார்கள். பயம் இருந்திருக்கவும் கூடும். ஆனால் மணி அடித்த பிறகு லிஸ்டனின் ஜாப் (முன் கையால் நேராகப் போடும் குத்து) பெரும்பாலும் அவர் முகத்தைத் தொடவில்லை. ஏழாவது ரவுண்டுக்கு லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. தோள் காயம் என்று காரணம் சொன்னார்கள். முறைப்பு வேலை செய்வது அதை நம்புகிற ஆளிடம் மட்டும்தான். நம்பாதவன் ஒருவன் வந்துவிட்டால், அதற்குப் பின்னால் கையில் வேறு என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்துவிடும்.

டைசன் விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதே அவரைப் பற்றித்தான். 1986 நவம்பரில் 20 வயதில் டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தி ஹெவிவெயிட்டில் மிக இளைய சாம்பியன் ஆனார். 1988 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸ். அதுவரை ஒரு சண்டைகூடத் தோற்காத மனிதர். 91 விநாடியில் முடிந்துவிட்டது. அன்றைக்கு ஸ்பிங்க்ஸ் ரிங்கில் நடந்து வருவதைப் பார்த்தாலே தெரியும், மணி அடிப்பதற்கு முன்பே ஆள் போய்விட்டார் என்று. டைசனுக்கோ அங்கி கிடையாது, சாக்ஸ் கிடையாது, கறுப்பு டிரங்க்ஸ் மட்டும். இளைஞர்கள் எல்லோரும் காப்பி அடிக்க நினைப்பது இந்தத் தோற்றத்தைத்தான்.

ஆனால் அந்தத் தோற்றத்துக்குப் பின்னால் இருந்ததைப் பாருங்கள். பயிற்சியாளர் கஸ் டமாட்டோவின் பட்டறையில் வளர்ந்து, கெவின் ரூனி கார்னரில் (ரிங் மூலையில்) நின்று வழிநடத்தச் சண்டை போட்ட காலத்து டைசன் தலையை ஒரு இடத்தில் வைத்திருக்கவே மாட்டார். இரண்டு கையும் கன்னத்தோடு, இடுப்பிலிருந்து இடம் வலம் ஆடியபடி உள்ளே நுழைவார். வலது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்துப் போடும் அடி, விலாவில் விழும். அந்த வலியில் எதிராளியின் முழங்கை இறங்கும். அதே வலது கை கீழிருந்து மேலே அப்பர்கட்டாகத் தாடைக்கு வரும். இரண்டு அடிக்கும் நடுவே மூச்சு விட நேரம் இருக்காது. எதிராளிகள் நடுங்கியது இதற்கு. முறைப்பு இதற்கு முன்னால் வரும் அறிவிப்பு மட்டும்தான்.

1988 கடைசியில் ரூனி போனார். கொஞ்சம் கொஞ்சமாகத் தலையாட்டம் குறைந்தது, ஜாப் குறைந்தது, ஒற்றை அடியை நம்பி நிற்பது வளர்ந்தது. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ். பந்தயம் டைசன் பக்கம் 42-க்கு 1. டக்ளஸின் தாயார் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த மனநிலையில் வந்த மனிதரை எந்த முறைப்பு என்ன செய்யும்? எட்டாவது ரவுண்டில் விழுந்தும் எழுந்து, பத்தாவதில் டைசனை வீழ்த்தினார். நீளமான ஜாப், அதன் பின்னாலேயே வலது கை. முதல் ரவுண்டிலிருந்து கடைசி வரை அவர் செய்தது அதைத்தான்.

சரி, புரொஃபஷனல் பாக்ஸர்கள் மனதுக்குள் உண்மையிலேயே பயப்படுவது எதற்கு? நான் பார்த்தவரை அடி வாங்குவது பெரிய பயம் இல்லை. அடி வாங்கப் பயப்படுகிறவன் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டான். ஒவ்வொரு பாக்ஸருக்கும் நெருக்கடியில் போய் ஒதுங்க ஒரு இடம் உண்டு. ஒருவன் வலப்பக்கம் சுற்றி ஓடுவான். ஒருவன் கட்டிப்பிடிப்பான். ஒருவன் தடுப்பாகக் கைகளை உயர்த்திக் கயிற்றில் சாய்ந்து மூச்சு வாங்குவான். அந்த இடத்தில் தனக்கு முன்னாலேயே போய் நிற்கிற எதிராளியைக் கண்டால்தான் அவனுக்குக் குலை நடுங்கும்.

கோலோவ்கினின் காலை மட்டும் பாருங்கள். அவர் யாரையும் துரத்த மாட்டார். ஓடுகிறவன் பின்னாலேயே போனால் அவன் போட்ட வட்டத்தில் நாமும் சுற்ற வேண்டியதுதான். எதிராளி எந்தப் பக்கம் நகரப் போகிறானோ அந்தப் பக்கம் ஒரு சின்ன அடி எடுத்து வைத்து, ரிங்கைப் பாதியாக்கி, பிறகு கால்வாசியாக்கி, கடைசியில் அவன் முதுகைக் கயிற்றில் ஒட்ட வைத்துவிடுவார். 2013 ஜூனில் மேத்யூ மேக்லினோடு நடந்த சண்டை இதற்கு நல்ல பாடம். மூன்றாவது ரவுண்டு, மேக்லின் முதுகில் கயிறு, முழங்கைக்குக் கீழே ஒரு இடது ஹூக். மேக்லின் தரையில் கிடந்து வலியில் முகம் சுளித்தாரே தவிர எழுந்திருக்க முடியவில்லை.

ஈரலில் விழும் இந்த அடியை, லிவர் ஷாட்டைப் பற்றி உங்களுக்கு விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பையன்கள் பெரும்பாலும் தலையை மட்டும் தேடுகிறார்கள். அமெச்சூரில் மூன்றே ரவுண்டு, பாயிண்ட் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஈரல் வலது விலாவின் கடைசி எலும்புகளுக்குக் கீழே பாதி மறைந்தும் பாதி திறந்தும் இருக்கிறது. அங்கே சரியாக ஒரு இடது ஹூக் விழுந்தால் உடனே ஒன்றும் ஆகாது. ஒரு விநாடி, சில சமயம் அதற்கும் கொஞ்சம் கூட. பிறகு ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு நிற்கும், கால் மடங்கும். தலையில் அடிபட்டு விழுந்தவனுக்குப் பல நேரம் விழுந்ததே நினைவிருக்காது. ஈரலில் அடிபட்டவன் முழு நினைவோடு கிடப்பான். ரெஃப்ரி எண்ணுவது காதில் விழும், எழ வேண்டும் என்று புத்தி சொல்லும், உடம்பு கேட்காது. அதனால்தான் அந்த அடியை அவன் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டான். அடுத்த தடவை உங்கள் இடது தோள் அசைந்தாலே அவன் முழங்கை தானாக இறங்கும், தலை திறந்துகொள்ளும்.

2019 நவம்பரில் சைதாமாவில் இனோயேவும் நொனிடோ டொனேரும் மோதிய சண்டையில் 11-வது ரவுண்டைப் போட்டுப் பாருங்கள். இனோயேவுக்கு அதற்குள் வலது கண் குழி எலும்பு உடைந்திருந்தது, மூக்கும் உடைந்திருந்தது. அந்த நிலையிலும் அவர் தேடியது உடம்பை. இடது ஹூக் விழுந்தது. டொனேர் ஒரு கணம் நின்றார், பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார், அப்புறம்தான் முழங்கால் தரையைத் தொட்டது. எண்ணி முடிப்பதற்குள் எப்படியோ எழுந்து கடைசி மணி வரை நின்ற டொனேரின் நெஞ்சுரத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் 2022 ஜூனில் மறுபடி மோதியபோது சண்டை இரண்டாவது ரவுண்டைத் தாண்டவில்லை.

இன்னொரு வகைப் பயமும் உண்டு. தன்னிடம் இருப்பதில் பெரிய அடியைக் கொடுத்த பிறகும் எதிராளி அதே நடையில் வந்துகொண்டிருப்பதைப் பார்க்கும் பயம். 1985 ஏப்ரலில் மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹேக்லரும் தாமஸ் ஹர்ன்ஸும் மோதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹர்ன்ஸ் தன் வலது கையால் ராபர்டோ டுரானை இரண்டாவது ரவுண்டில் படுக்க வைத்திருந்தார். அதே வலது கை முதல் ரவுண்டிலேயே ஹேக்லர் மேல் விழுந்தது. ஹேக்லர் தடுமாறினார், நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது, ஆனால் பின்னால் போகவில்லை. ஹர்ன்ஸின் கைதான் உடைந்தது. மூன்றாவது ரவுண்டில் எல்லாம் முடிந்தது. ஹேக்லரின் இந்த உறுதி ஆண்டுக்கணக்கில் ஓடி, ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்து, எடையைக் கட்டுப்பாட்டில் வைத்து உடம்பில் ஏற்றியது. சுவரைப் பார்த்து முறைத்துப் பழகி வந்ததில்லை.

அடியே பெரிதாகப் போடாமல் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். உக்ரைனின் வாசில் லொமாசென்கோவிடம் 2016-2017-ல் தொடர்ந்து நான்கு பேர் சண்டை முடியாமலே ஸ்டூலிலிருந்து விலகினார்கள். நான்காவது ஆள் கில்லெர்மோ ரிகோண்டோ, இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அவர் இரண்டு எடைப் பிரிவு ஏறி வந்திருந்தார், கையில் காயம் என்றும் சொன்னார், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் ஆறு ரவுண்டு முழுக்க அவர் அடித்த இடத்தில் லொமாசென்கோ இல்லை என்பதை யார் பார்த்தாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், புரொஃபஷனலுக்குப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இது. உண்மையிலேயே பயப்படப்படும் பாக்ஸருக்குச் சண்டை கிடைக்காது. மேனேஜர்கள் பார்ப்பது இரண்டு கணக்கு: இவனோடு மோதினால் என் ஆள் தோற்க எவ்வளவு வாய்ப்பு, ஜெயித்தால் எவ்வளவு பணம். முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சின்னதாகவும் இருந்தால் போன் எடுக்கவே மாட்டார்கள். பிட்ஸ்பர்க்கின் சார்லி பர்லியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் உலக சாம்பியன் ஆன ஆர்ச்சி மூரையே 1944-ல் வென்றவர். தன்னோடு மோதியவர்களில் சிறந்தவர் இவர்தான் என்று மூர் சொல்லியிருக்கிறார். கறுப்பினத்தவர், திறமை அதிகம், டிக்கெட் விற்பனை குறைவு. உலகப் பட்டத்துக்கு ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அதே நகரத்தில் குப்பை அள்ளும் வேலை பார்த்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். ஹேக்லருக்கே கிட்டத்தட்ட 50 சண்டை ஆன பிறகுதான் முதல் பட்ட வாய்ப்பு வந்தது, 1979-ல். அதுவும் டிரா. அடுத்த ஆண்டு லண்டனில் ஆலன் மின்டரை மூன்றாவது ரவுண்டில் வென்றுதான் பட்டம் வாங்கினார்.

அதனால் உங்களுக்கு நல்ல ஒரு மேனேஜர் வேண்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதை ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டும். சண்டை தள்ளிப்போகும் மாதங்களில் சாப்பாட்டுக்கு வழி இருக்க வேண்டும். வேலை ஏதாவது இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஜாப்பில் ஆரம்பியுங்கள். முகத்தில் மட்டும் போடாதீர்கள், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போடுங்கள். தலைக்கு ஒரு ஜாப், அவன் முழங்கை ஏறும், காலை மடக்கி இடது இடுப்பில் எடையை ஏற்றி அதே கையால் விலாவுக்குக் கீழே ஹூக். கை மட்டும் போனால் அது தட்டல், இடுப்பு சேர்ந்து திரும்ப வேண்டும். உங்கள் வலது கை கன்னத்தை விட்டு இறங்கக் கூடாது, இறங்கினால் எதிரியின் ஹூக் காத்திருக்கும். பேட்ஸில் (கோச் கையில் பிடிக்கும் மெத்தையில்) இதை நிதானமாகப் பழகுங்கள், வேகம் தானாக வரும்.

ரிங்கை அடைக்கும் பயிற்சிக்கு ஒரு கூட்டாளி போதும். அவர் மூன்று நிமிடம் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம். நீங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலால் மட்டும் அவரை மூலைக்குக் கொண்டுவர வேண்டும். அடிக்க முடியாது என்று ஆனதும்தான் கால் சிந்திக்க ஆரம்பிக்கும். முதல் வாரம் அவர் உங்களைச் சுற்றிச் சுற்றி வருவார். மனசு விடாதீர்கள்.

மூச்சு. அமெச்சூரில் ஒன்பது நிமிட வேலை. புரொஃபஷனலில் நான்கு ரவுண்டில் தொடங்கி, மேலே போகப் போகப் பன்னிரண்டு வரை. உங்கள் எடைக்கு கிளவ்ஸும் 10 அவுன்ஸிலிருந்து பெரும்பாலும் 8 அவுன்ஸ் ஆகும், அதாவது நீங்கள் கொடுக்கும் அடியும் கனக்கும், வாங்கும் அடியும் கனக்கும். 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேன் முகமது அலியிடம் தோற்றது இங்கேதான். ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தவர் அவர். அவர் பெயரைக் கேட்டாலே எதிராளிகள் நடுங்கிய காலம். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடிக்க விட்டார். ஐந்தாவது ரவுண்டுக்குப் பிறகு ஃபோர்மேனின் கை கனத்துவிட்டது, எட்டாவதில் விழுந்தார். ஆறாவது ரவுண்டிலும் முதல் ரவுண்டின் அதே வேகத்தில் அடிக்க முடிகிற ஆளைத்தான் எதிராளியின் கார்னர் வெறுக்கும்.

ஸ்பாரிங் பற்றி ஒரு கண்டிப்பு. உங்களைப் பற்றிய பேச்சு ஜிம்மில்தான் பிறக்கும், ஸ்பாரிங் கூட்டாளிகள் வெளியே போய்ப் பேசுவார்கள், அது உண்மை. அதற்காக உங்களை விடச் சின்னப் பையனை, புதிதாக வந்தவனை அடித்துப் பேர் வாங்க நினைக்காதீர்கள். அவனுக்கும் மூளை ஒன்றுதான் இருக்கிறது. பலமான ஆளோடு ஸ்பாரிங் செய்யுங்கள், அதுவும் தினமும் முழு வேகத்தில் வேண்டாம்.

புரொஃபஷனல் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் கண் மருத்துவரிடம் விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுங்கள், தலைக்கு ஒரு ஸ்கேனும் எடுத்து வையுங்கள். பின்னால் ஏதாவது என்றால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

முறைப்பு வராது என்று எழுதியிருந்தீர்கள். எடை பார்க்கும் நாளில் எதிரே நிற்கும்போது அவர் கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு இடத்தைப் பாருங்கள், போட்டோ எடுக்கும் வரை அமைதியாக நில்லுங்கள், கை கொடுத்துவிட்டு இறங்கி வந்து தண்ணீர் குடியுங்கள். மைக்கைக் கொடுத்தால் தயாராக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் உங்கள் கோச்சிடம் காட்டுங்கள். எங்காவது அவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். நான் உங்கள் கடிதத்தைத்தான் பார்த்தேன், அவர் உங்கள் காலைப் பார்க்கிறார்.